பிணை நிற்பவர் யார்?

குற்றம் சாட்டப்பட்டவன் வேறு, குற்றவாளி வேறு. நாவளவில் இதை ஒப்புக்கொள்ளும் நாம், ஒரு சிறுவனைக் காவலர் அழைத்துச் செல்வதைக் கண்டதும் மறந்துவிடுகிறோம். ‘இத்துணைப் பெரிய பாதகம் செய்தவனுக்கு ஜாமீனா?’ என்று கொதிக்கிறோம். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் அடங்கிவிடுகிறது!

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் 2012இல் நிகழ்ந்த கொடுமையையொட்டி எழுந்த சினத்தின் நடுவே பிறந்த சட்டம் அது. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் அது வழி திறந்தது. அத்தகைய சட்டமும் பிணை பற்றிய 12ஆம் பிரிவில் நிதானம் தவறவில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றமோ விடத்தகாத குற்றமோ, சிறுவனைப் பிணையில் விடுவதே விதி. பிணையாள் இன்றியும் விடலாம். மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: அறியப்பட்ட குற்றவாளிகளுடன் அவன் சேரக்கூடும், ஒழுக்கத்துக்கோ உடலுக்கோ உள்ளத்துக்கோ ஆபத்து நேரக்கூடும், விடுதலை நீதியின் நோக்கத்தையே முறியடிக்கும். இவற்றுள் குற்றத்தின் கடுமை தனிக் காரணமாக இடம்பெறவே இல்லை.

பறிகொடுத்த குடும்பத்தின் கண்ணீருக்கு என்ன விடை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிணை என்பது மன்னிப்பன்று. விசாரணை நடந்துகொண்டே இருக்கும். சாட்சிகள் அச்சுறுத்தப்படுவார்கள் என்பதற்கு மெய்யான ஆதாரம் இருந்தால், மூன்றாவது காரணம் இருக்கவே இருக்கிறது. ஆனால் மறுப்பின் காரணத்தைக் குழுமம் எழுதிவைக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டத்தின் சொற்களையே திருப்பி எழுதுவது காரணமாகாது என்பது நம் கருத்து.

நம்மை உறுத்துவது இரண்டாவது காரணம். தந்தை இல்லை, தாய் கூலி வேலைக்குப் போகிறாள், வீடு என்று சொல்ல ஓர் ஒழுகும் கூரை. இவனை வெளியே விட்டால் கெட்டுப்போவான் என்று கூர்நோக்கு இல்லத்தில் வைக்கிறார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையோ, அதே குற்றச்சாட்டுடன், பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். அப்படியானால் முதற்சிறுவன் எதற்காக உள்ளே இருக்கிறான்? களவுக்காகவா, அநாதையாய்ப் பிறந்ததற்காகவா?

அரபு மொழியில் பிணை நிற்பவருக்குக் ‘கஃபீல்’ என்று பெயர். அநாதையை ஏற்று வளர்ப்பவருக்கும் அதுவே பெயர். மர்யம் (அலை) அவர்களை ஜகரிய்யா (அலை) பொறுப்பேற்றதைக் கூறுமிடத்தில் திருமறை ஆள்வதும் இதே வேர்ச்சொல்தான். ஹனஃபி ஃபிக்ஹு நூலாகிய ‘ஹிதாயா’ கஃபாலாவை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பொருளுக்கு, மற்றொன்று ஆளுக்கு. சிறுவர் விஷயத்தில் சட்டம் தேடுவது இந்த இரண்டாவதைத்தான். பெற்றோர் இல்லையேல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ, தகுதியுள்ள ஒருவரின் பராமரிப்பிலோ விடலாம் என்று அதே பிரிவு கூறுகிறது.

மார்க்கத்தில் பருவ வயது 18 அல்லவே என்று சிலர் குறுக்கிடக்கூடும். உடற்குறிகள் தோன்றாதபோது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) 15 என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆண்பிள்ளைக்கு 18 என்றார்கள். அந்த விவாதம் தண்டனைப் பொறுப்பைப் பற்றியது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னர் ஒருவனை அடைத்துவைப்பது பற்றியதன்று.

பிணை கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாட்கள் கழிந்தால், அச்சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்தக் கருத வேண்டும் என்பதும் சட்டமே. யாருமற்ற பிள்ளைகளை எண்ணித்தான் இதை எழுதியிருக்கிறார்கள். நம் ஜமாஅத்துகளில் கல்யாண உதவிக்கு நிதி இருக்கிறது, ஜனாஸா உதவிக்கு நிதி இருக்கிறது. எட்டாம் நாள் குழுமத்தின் வாசலுக்குப் போய், ‘இவனுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்ல ஓர் ஆளை எந்த மஹல்லா நியமித்திருக்கிறது?