கடைசிக் கொப்பு

மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலினை முற்றாக விட்டு இன்றோடு பத்தொன்பது நாள். காலையில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். "குடி புள்ள, ஆறிப்போவுது." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துக்கம் என்று எதுவுமில்லை. வருடக்கணக்காக அன்பும் கோபமும் எனக்குக் கம்பளிக்கு மேல் விழுந்த தூறல் மாதிரிதான். இன்று கம்பளி இல்லை. மாமி ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்த கட்டை வாங்கி, வேர் மண்ணை உதறத் தொடங்கினார்.

மருந்தைப் பழித்து எழுத எனக்கு மனம் வராது. எழுந்து முகம் கழுவக்கூட முடியாமல் கிடந்தவளை எழுப்பி உட்கார வைத்தது அதுதான்.

*

முதல் தடவை மருந்து நின்றது என் விருப்பத்தில் இல்லை. 2022. டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு அலைந்த மாதங்கள். கிளினிக்கில் முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்றார்கள். பஸ்ஸுக்கும் டீசல் இல்லாத நாட்களில் நுவரெலியா டவுனில் கடை கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தேன்.

மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சுண்டியது. தூங்கினால் இரைச்சலான கனவுகள். கறிக்கு உப்பில்லை என்ற ஒரு சொல்லுக்காக அப்பா மேல் எரிந்து விழுந்தேன். பழைய வருத்தம் திரும்பிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். நானும் நம்பினேன்.

நோய் திரும்புவது வேறு, மருந்து விட்டுப் போவது வேறு. நிறுத்திய சில நாட்களுக்குள்ளேயே தலைச்சுற்றல், மின்சுண்டல், குலைந்த தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் உடம்பு மருந்தைத் தேடுகிறது என்று அர்த்தம். பழைய நோய் வழக்கமாக வாரங்கள், மாதங்கள் எடுத்து, சத்தமில்லாமல் வரும். எல்லாருக்கும் இப்படித் தெளிவாகப் பிரியாது. பிரித்துப் பார்க்கத்தான் டொக்டர் வேண்டும். அன்று யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால், அந்த மாதங்களில் என்னை நானே அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

*

அப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கவாத்து வெட்டியவர். அவர்கள் தோட்டத்தில் தேயிலையை ஒரேயடியாக மொட்டையாக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு கொப்பை இலையோடு விட்டுவைப்பார்கள். புதுத் துளிர் கிளம்பும்வரை அந்தக் கொப்புத்தான் செடிக்குச் சாப்பாடு போடும். துளிர் பிடித்ததும் அதையும் எடுத்துவிடுவார்கள்.

மருந்தை மறுபடி தொடங்கிய பிறகு, இரண்டாம் தடவை, டொக்டரோடு பேசி மெல்லக் குறைக்கப் போகிறேன் என்றபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கொப்பு விட்டுத்தானே வெட்டுறாங்க?"

விட்டுத்தான் வெட்டினார்கள். ஐம்பது மில்லிகிராமிலிருந்து இறங்க ஒன்பது மாதம். முதல் பாதி லேசாகப் போய்விட்டது, கடைசித் துணுக்குகள்தான் பாடாய்ப் படுத்தின. அதற்குக் காரணம் இருக்கிறது. 2019இல் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 'தி லான்செட் சைக்கியாட்ரி' இதழில் விளக்கியிருந்தார்கள்: குளிசையின் அளவைப் பாதியாக்கினால் மூளையில் அதன் வேலை பாதியாகாது. மேலே நிறையக் குறைத்தாலும் கொஞ்சம்தான் மாறும். அடியில் கொஞ்சம் குறைத்தாலும் பெரிய சரிவு. ஆகவே கீழே இறங்க இறங்க, படியைச் சிறிதாக்க வேண்டும். ஹொரோவிட்ஸ் தானே இந்த வகை மருந்தை நிறுத்தப் போய் அவதிப்பட்டவர். அதனாலோ என்னவோ, அவர் சொன்னதை என் உடம்பு உடனே ஒத்துக்கொண்டது.

செய்தித்தாளை விரித்து, பிளேடால் பாதியையும் பாதியில் பாதியையும் வெட்டிய இரவுகள் நினைவிருக்கின்றன. சில நேரம் பொடிந்து போகும். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைத் தூளைப் பார்த்தபடி இருப்பேன். இத்தனூண்டுக்கா என் பொறுமை முழுவதும்?

*

நேற்றுப் பின்னேரம் கோபம். தம்பி கதவை அறைந்து சாத்தினான், அவ்வளவுதான். கத்துவதற்கு முன் வெளியே இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். 1,891 மீற்றர், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். பனிமூட்டத்தில் மேடையின் மறுகோடி தெரியவில்லை. இங்கிருந்து ஒஹிய போகும் வழியில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மூட்டமாக இருக்கும், சில நாள் அந்தப் பக்கம் வெயிலடிக்கும். கோச்சி வரும்வரை பெஞ்சில் இருந்தேன். கோபம் போகவில்லை, ஆனால் அது நெஞ்சில் ஏறுவதும், கைக்கு வருவதும், தளர்வதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அதைப் பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியிடம், "மருந்து விட்டதுல கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருப்பேன்டா" என்றேன். "சரிக்கா" என்றான். அதற்குப் பிறகு கதவை மெதுவாகத்தான் சாத்துகிறான்.

*

இந்தக் கொப்பியின் பின்னட்டையில் 1926 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், தேசிய மனநல உதவி எண். இனி வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது, உடனே எடுத்துப் பேச வேண்டும். அம்மாவுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு இரவும் சில வரி மட்டும்.

தூக்கம்: ஐந்து மணித்தியாலம். மின்சுண்டல்: ஒரு தடவை, மாடிப்படியில்.
அழுகை: ஒரு தடவை, மாமியின் கோப்பை.
லீக்ஸ் வேரில் ஒட்டிய மண்ணின் வாசம் இன்று மூக்கில் ஏறியது. கை கழுவிய பிறகும் விரலை மோந்து பார்த்தேன்.