யார் மகள் என்று கேட்காத இடம்

ஒண்டியாக ஒரே ஒரு கடை இருந்த காலத்தில் வந்த பெயராக இருக்க வேண்டும். இன்று ஏற்காடு ஒண்டிக்கடையில் டீக்கடை, மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடை, தைலக் கடை, சுற்றுலா வண்டிகள் என்று ஒரே நெரிசல். ஆனாலும் அங்கே பத்து நிமிடம் நின்றால் போதும், "நீ இன்னார் மகதானே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிவிட்டேன், முனைவர் பட்டம் வாங்கிவிட்டேன், கவிதைத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஒண்டிக்கடையில் நான் இன்னமும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவரின் மகள்தான்.

போன தை மாதம் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சேலம் பஸ்ஸுக்காக அங்கே நின்றபோது என் பழைய மாணவி ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள். மலைக் கிராமத்துப் பெண். இளங்கலைத் தமிழ் படித்தவள். இரண்டு வருடமாக ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய ஆலையில் வேலை. (தமிழ் படிக்க வைத்து நாம் அனுப்புகிற இடம் இதுதானா என்ற குற்ற உணர்ச்சி எனக்கு எப்போதும் உண்டு. அவளுக்கு அதெல்லாம் இல்லை.) இரண்டு நாள் விடுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி எப்படிம்மா இருக்கு?"

"நல்ல கம்பெனிம்மா."

சம்பளம், பி.எஃப்., அழைத்துப்போகிற பஸ் என்று அடுக்குவாள் என நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி முடிந்த பிறகுதான் பதில் வந்தது. "ஆஸ்டல்." வார விடுமுறையில் வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்பாராம். அப்பா வேண்டாம் என்றால் போக முடியாது. இவளுக்கு வயது இருபத்துமூன்று.

கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் இந்த இரண்டு பதிலும் என்னை விடவில்லை. ஒன்று பிடித்தது, மற்றது பிடிக்காதது என்று தனித்தனியே வைக்க முடியவில்லை. கம்பெனி கம்பெனியாக நடந்துகொள்கிற இடம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனி வீடாக மாறுகிற இடத்தில் மூச்சு முட்டுகிறது. இதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை என்று நினைக்கிறேன். பெரிய நிறுவனம் என்றாலே "மனிதரை எண்ணாக்குகிறது" என்று எழுதி முடித்துவிடுகிறோம். எண்ணாக ஆவது ஒரு விடுதலையாகத் தெரிகிற அளவுக்கு அவள் பெயரோடு எவ்வளவு சுமை கட்டப்பட்டிருக்கிறது என்பதை விட்டுவிடுகிறோம். "யார் மகள்" என்ற கேள்வி நம் ஊரில் ஒருபோதும் வெறும் விசாரிப்பு இல்லை. எந்தத் தெரு, எந்தச் சாதி, எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டியவள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. தொப்பியும் முகமூடியும் கோட்டும் போட்டபின் வரிசையில் நிற்கிற எல்லாரும் ஒன்றுபோல இருப்பார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாவது வாரத்தில் ஆஸ்டல் அறையில் அந்தக் கேள்வி வந்துவிட்டது என்பதையும் சொன்னாள். ஷிஃப்டு நேரம் எட்டு மணி நேரமாவது அது இல்லாமல் கழிகிறது.

இந்த மலையின் பழைய பெரிய கம்பெனி எஸ்டேட்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் செடியிலிருந்து பழத்தைப் பறித்தவர்கள் யார் என்பது பாடத்தில் இல்லை. என் அம்மா பறித்தார். அவருக்கு முதலாளியைத் தெரியும், முதலாளிக்கு அம்மாவைத் தெரியும். நான் பெரியமனுஷியானபோது சீர் செய்யக் கடன் கொடுத்தது எஸ்டேட்தான். முதலாளி வீட்டம்மா கொடுத்த பழைய புத்தகங்களைத்தான் நான் முதலில் படித்தேன். அந்த அன்பு பொய் இல்லை, அதை மறுத்து எழுதினால் நான்தான் பொய்க்காரி. ஆனால் கடன் கேட்கப் போகும்போது அம்மா செருப்பை வாசலிலிருந்து நாலடி தள்ளியே கழற்றிவிட்டுப் போவார். சம்பள நாளில் அப்படி இல்லை. ரேகை வைத்துவிட்டு அங்கேயே நின்று நோட்டை இரண்டுமுறை எண்ணுவார்.

1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகமும் தோட்டத்தின் கடமை என்றது. பெரிய தோட்டங்களைத்தான் அந்தச் சட்டம் உண்மையில் தொட்டது. நாலு ஏக்கர், எட்டு ஏக்கர் காப்பிக்காட்டில் வேலை செய்தவள் கைக்குழந்தையைச் சாக்கில் படுக்கவைத்துவிட்டுத்தான் பறித்தாள். காப்பகத்தில் குழந்தையை விட்டவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனத்தின் மேல் இருக்கிற ஆசையில் பாதி இந்த நன்றி சொல்லத் தேவையில்லாத நிலை மேல் இருக்கிற ஆசைதான் என்று எனக்குப் படுகிறது.

கீழே சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. வீட்டிலேயே உட்கார்ந்து பொடி வைத்து ஊதி, கண்ணி கோத்து, அரக்கும் புகையுமாக வேலை. முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழியாது. அங்கேயிருந்து வருகிற என் மாணவிகள் "பட்டறை" என்று சொல்லும்போது குரல் இறங்கும், "கம்பெனி" என்று சொல்லும்போது ஏறும். நான்கு தறி ஓடும் கொட்டகையைக்கூடக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் ஒரு வாசல், ஒரு நேரம், ஒரு சீட்டு இருக்கிறது. வாசலுக்கு வெளியே வந்தால் வேலை முடிந்தது என்ற அர்த்தம் இருக்கிறது. வீட்டுவேலைக்கு அந்த வாசல் கிடையாது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணி கிடைக்குமுன் ஒரு தனியார் கல்லூரியில் நாலு வருடம் இருந்தேன். தாளாளர் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம் என்பதால் என் அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருந்தன. குடும்பம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சேர்க்கைக்கு ஊர் ஊராகப் போனோம். நான் கர்ப்பமானபோது "வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கம்மா" என்று மிகப் பரிவாகச் சொல்லி, அந்த மாதத்தோடு சம்பளத்தை நிறுத்தினார்கள். யாராவது அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்தப் பரிவுக்கு முன்னால் வாய் வரவில்லை.

அதனால்தான் மூணாறுப் பெண்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி 2005இல் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாக்கியது. இனி இது உங்கள் கம்பெனி என்றார்கள். 2015இல் 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, தேயிலை பறித்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டுமல்ல, தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்ன தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. ஒன்பது நாள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்படி வந்தது. உங்களுடையதுதான் என்று சொல்லப்பட்ட ஒன்றிடம், எங்கள் கூலியை எண்ணி வை என்று கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வீட்டில் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொன்னபோது தொழிற்சங்கத்தில் இருக்கிற என் தோழி கோபப்பட்டாள். "வீடு மோசமா இருக்கிறதால கம்பெனி நல்லதாத் தெரியுது. அந்த வித்தியாசத்துலதான் அவன் லாபம் பாக்கறான். நீ அதுக்குக் கவிதை எழுதிக் குடுக்கறியா?" என்றாள். அவள் சொல்வதில் பெரும்பகுதி சரி. மாணவியே சொன்னாள்: முழு ஷிஃப்டும் நின்றுகொண்டுதான் வேலை. இடைவேளை பத்து நிமிடம் என்றால் கோட்டைக் கழற்றி மாட்டவே பாதி போய்விடும். மாதவிடாய் நாட்களில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். ஒப்பந்தம் முடிந்தால் என்ன என்று தெரியாது. அவள் "நல்ல கம்பெனி" என்றது இதையெல்லாம் மன்னித்தது ஆகாது. ஒருவர் ஓர் இடத்தை விரும்புகிறார் என்பதால் அங்கே நடப்பதற்கெல்லாம் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது, கல்யாணம் செய்துகொண்டாளே என்று மனைவியிடம் சொல்வதைப் போன்றது.

முகமில்லாத பெரிய நிறுவனத்தின் பயங்கரமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரி எங்கே, எந்த மருத்துவமனை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் பதில் சொல்ல ஆட்கள் வந்தார்கள், ஆலை கொஞ்ச நாள் மூடப்பட்டது, விடுதிகள் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆலை ஒருவருடையது, ஆள் எடுத்தது ஒப்பந்தக்காரர், விடுதியும் சாப்பாடும் வேறு வேறு கைகளில். எங்கே போகிறாய் என்று கேட்பதற்கு மட்டும் எல்லாரும் இருந்தார்கள், எங்கே போனாள் என்பதற்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அங்கே படுக்கைகள் நன்றாகத்தான் இருக்கும். வெளிக்கதவின் சாவி யாரிடம் என்பதுதான் என் கேள்வி.

அதே 2024 ஜூனில், ஐபோன் வேலைக்குத் திருமணமான பெண்களைப் பாக்ஸ்கான் ஒதுக்குகிறது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. யார் மகள் என்று கேட்காத வாசலில் யார் மனைவி என்று கேட்கிறார்கள் என்றால், பிறகு அந்த வாசலுக்கு என்ன பெருமை?

சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கி வைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவை ரத்து செய்து, வண்டி, ஓய்வறை, பாதுகாப்பு என்று நிபந்தனைகளை நிறுவனத்தின் தலையில் வைத்தது. பெண்ணைப் பூட்டாதே, வழியில் விளக்குப் போடு என்பதுதான் அதன் சாரம். என் மாணவிக்கு இரவு ஷிஃப்டு பிடிக்கிறதாம். படி கொஞ்சம் கூட. அதைவிட, விடியற்காலையில் நாலு பெண்களாக நின்று டீ குடிப்பது. "நம்ம ஊர்ல ஆம்பளைங்க மட்டும்தானேம்மா அந்நேரத்துக்கு டீக்கடையில நிப்பாங்க" என்றாள். ஒண்டிக்கடையில் இத்தனை வருடமாக டீக்கடை வாசலில் நின்று டீ குடிக்க நான் ஒருமுறையும் துணிந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போதும் பார்சல்தான்.

சேலம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். ஆஸ்டல் பதிவேட்டில் அப்பா எண்ணோடு இன்னொரு உறவினர் எண்ணும் கொடுக்கலாமாம். என் எண்ணைக் கொடுக்கட்டுமா? அப்பா கேட்டால் சண்டை வரும். அவளுடைய அப்பாவை எனக்குத் தெரியும், கஷ்டப்பட்டு அவளைப் படிக்க வைத்தவர். ஒரு வயதுவந்த பெண்ணுக்குக் காப்பாளராக இருப்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒத்துக்கொண்டால் அந்த ஏற்பாட்டுக்கு நானும் உடந்தை, மறுத்தால் அவள் அறைக்குள் கிடப்பாள். எண்ணைக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை வார்டன் பேசினார். நல்ல குரல், களைத்த குரல், அந்தம்மாவும் சம்பளத்துக்குத்தானே இருக்கிறார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சித்தி."

"வெளிய போகணும்னு கேக்கறாங்க. அனுப்பலாங்களா?"

"அனுப்புங்க."

"எங்க போறாங்கன்னு தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.