நோய் விசாரிப்பும் ஒரு மருந்தே!



எங்கள் முஹல்லாவில் ஒரு பெரியவருக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை நடந்தது. வீடு திரும்பிய முதல் வாரம் வாசல் கொள்ளாத கூட்டம். "இதே ஆபரேஷன் செய்த என் மச்சான் மூன்றே மாதத்தில் மவுத்தாகிவிட்டார்" என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் உண்டு. ஒரு மாதம் கழிந்ததும் எட்டிப் பார்க்க ஆளில்லை. நான் சென்றபோது, "ஹஜ்ரத், காரணமில்லாமல் அழுகை வருகிறது" என்றார். "ஒரு மூமின் இப்படிக் கலங்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் நாவு செய்த பிழை அது!

இத்தகைய அறுவைக்குப் பின் பலருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. அது ஈமானின் குறைவன்று. கவனியாது விட்டால் உடல் தேறுவதையும் அது கெடுத்துவிடும். 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இதய அறுவை செய்துகொண்ட 232 பேரை 6 மாதம் கவனித்தார்கள். எந்தக் கூட்டத்தாரோடும் கலவாதவர்களிடமும், மார்க்கத்தில் ஆறுதல் காணாதவர்களிடமும் மரணம் அதிகம் இருந்தது. ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில். ஆனால், தனிமை நோயாளிக்கு நல்லதன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் நேரில் சென்று, அவர்களுடைய நெஞ்சில் திருக்கரத்தை வைத்தார்கள். அதன் குளிர்ச்சியை ஸஅது (ரலி) இதயத்திலே உணர்ந்தார்கள். இதயம் நோயுற்றிருப்பதாகக் கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், தகீஃப் கூட்டத்து ஹாரிஸ் பின் கலதா என்ற வைத்தியரிடம் போகும்படி பணித்தார்கள். அபூதாவூதில் காணப்படும் செய்தி இது. முதலில் ஆறுதல், பிறகு வைத்தியம். ஒன்று வந்ததென்று மற்றொன்றை அவர்கள் விட்டுவிடவில்லை.

ஆகவே சகோதரர்களே, நோயாளியிடம் செல்லுங்கள். சிறிது நேரமே இருங்கள். அச்சமூட்டும் கதை பேசாதீர்கள். அவர் அழுதால் காது கொடுத்துக் கேளுங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிளந்த மார்பெலும்பு கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை கையூன்றிச் சுஜூது செய்ய இயலாதவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம். மார்க்கம் தந்த சலுகை அது. நடக்க மருத்துவர் அனுமதித்ததும் ஸஃப்பில் ஒரு நாற்காலி போட்டு அவரை அழைத்து வாருங்கள்.

நான் மறுபடியும் அப்பெரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது இரண்டு இளைஞர்கள் அவரை அஸருக்கு மெல்ல நடத்தி அழைத்து வருகிறார்கள்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், நமக்கு இரக்கமுள்ள நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.