நம் வீட்டுத் திரையில் எதைப் பார்ப்பது?

 

ஆவடியில் வசிக்கும் ஒரு சகோதரி நம்மிடம் கேட்டார்: "சினிமா பார்க்காதீங்கன்னு பயானில் சொல்லிட்டுப் போயிடுறாங்க. வீட்டுக்கு வந்தா கூடத்துல ஒரு திரை, பிள்ளைங்க கையில ரெண்டு திரை ஓடுது. எதைப் பார்க்கலாம், எதை விடணும்னு யாராச்சும் சொல்லித் தரக்கூடாதா, ஹஜ்ரத்?"

கேள்வி நியாயமானது. உருவப் படம் பற்றியும் இசை பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டில் டெலிவிஷன் பெட்டியே வைக்காத குடும்பங்கள் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய பேணுதலுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! இங்கே நாம் பேசுவது, திரை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டவர்களிடம்.

1975 ஆகஸ்டு 15இல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது. அதன் பின் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை ஒரு படம், அவ்வளவுதான். தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். எல்லோரும் அங்கே போய் உட்காருவோம். எதைக் காட்டுவது என்பதை நிலையத்தார் முடிவு செய்தார்கள். கேபிள் வந்தது, 1993இல் சன் டி.வி. வந்தது, இப்போது கைப்பேசி. இன்று முடிவு செய்ய வேண்டியவர் வீட்டிலுள்ள நாம். ஆனால் அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்ததையே நம்மில் பலர் உணரவில்லை.

ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டிகளைக் கொண்டு விளையாடிக் காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அதைப் பார்க்க விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்தபடி, அவர்களாகவே போதும் என்று சொல்லும் வரை நின்றுகொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. இதைக் காட்டி எல்லா சினிமாவுக்கும் பத்வா வாங்க முயலுகிறவர்கள் உண்டு. அது அளவு மீறிய வாதம். ஆனால் வேடிக்கை பார்க்கும் ஆசையை நபியவர்கள் அதட்டி அடக்கவில்லை என்பதை மறைக்கவும் நமக்கு உரிமையில்லை. அவர்கள் கூடவே நின்றார்கள் என்பதுதான் நம் உள்ளத்தைத் தொடுகிறது. நம் பிள்ளைகள் பார்க்கும்போது நாம் எங்கே நிற்கிறோம்?

இனி ரகங்களுக்கு வருவோம். பேய்ப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டிய பிள்ளை இருட்டுக்கும் பொம்மைக்கும் அஞ்சி, இரவில் கழிவறைக்குத் தனியே போக மறுக்கிறது. பிறகு நாம் தாயத்துக்கு அலைகிறோம். கொலை, துப்பறிதல் கதைகள் அவ்வளவு மோசமில்லை என்பது நம் கருத்து, குற்றவாளியைக் கதாநாயகனாக்காத வரையில். குடும்பத் தொடர்களில் ஆபாசம் குறைவு என்று பெரியவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். ஆனால் மருமகளின் அறைக் கதவில் காது வைக்கும் மாமியாரை நாள்தோறும் பார்த்தால், நம் வீட்டு மருமகள் மெல்லிய குரலில் போன் பேசும்போது சந்தேகம் எழாமல் இருக்குமா? போதாததற்கு, அவற்றில் பல இஷா நேரத்தில்தான் ஓடுகின்றன. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் வெறுத்ததாக ஹதீஸில் வந்திருக்கிறது. நாமோ இஷாவையே விளம்பர இடைவேளைக்குள் முடித்துக்கொள்கிறோம்.

2017இல் தொடங்கிய ‘பிக் பாஸ்’ தமிழ் நிகழ்ச்சிக்கான வீடு நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில், ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் அமைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்குள் சிலரை அடைத்து, கேமரா வைத்து, அவர்கள் சண்டையையும் அழுகையையும் ஊரே பார்ப்பது. பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் ஒரே ஆயத்தில் சேர்த்துத் தடுக்கிறது. "அவர்கள் சம்மதித்துத்தானே உள்ளே போனார்கள்?" என்று ஒரு வாலிபர் கேட்டார். அவர்கள் சம்மதம் அவர்களோடு. மறுநாள் பஸ்ஸிலும் கம்பெனி கேண்டீனிலும் நாம் அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு நம் ஏட்டில்தானே எழுதப்படும்?

ஆனால் நாம் வழுக்கி விழுந்தது இவை எதிலும் இல்லை. மார்க்கப் பெயர் தாங்கி வந்த ஒன்றில்தான். துருக்கியில் 2014 முதல் 2019 வரை வெளியான ‘எர்துருல்’ தொடர், 2020 ரமளானில் பாகிஸ்தான் டெலிவிஷனில் உருதுவில் வந்தது. ஊரடங்கு காலம், பள்ளிகளில் பாங்கு உண்டு, ஜமாஅத் இல்லை. உருது பேசும் அண்டை வீட்டார் புகழ்ந்ததைக் கேட்டு, நாமும் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினோம். எர்துருலைப் பற்றிச் சரித்திரத்தில் உறுதியாகக் கிடைப்பது மிகச் சொற்பம். தொடரில் பெரும்பகுதி கற்பனை. அது தெரிந்தும் விடவில்லை. ஷவ்வாலிலும் பார்த்தோம். நள்ளிரவு தாண்டி ஒன்று, இன்னொன்று என்று போய், ஒரு வாரத்தில் மூன்று நாள் பஜ்ரு களாவாயிற்று. மூன்றாம் நாள் நம் தாயார் கேட்டார்கள்: "ஏம்பா, அந்தக் கூடாரத்துல பாங்கு சொன்னப்ப கண்ணு கலங்குனியே, நம்ம பள்ளி பாங்கு உன் காதுல விழலையா?"

பதில் சொல்ல நாவு எழவில்லை. பிறகு கணக்குப் போட்டோம். மொத்தம் 150 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; 300 மணி நேரம். ஒரு ஜுஸ்வுக்கு 40 நிமிடம் வைத்தாலும் 20 மணி நேரத்தில் ஒரு கத்தம் முடியும். பதினைந்து கத்தம்! எனவே ஒரு தொடரைத் தொடங்குமுன் எத்தனை பகுதி, எத்தனை மணி நேரம் என்று பார்த்துவிடுவது இப்போது நம் வீட்டு வழக்கம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் படம் பல சமயம் மேல்.

சான்றிதழையும் பாருங்கள். தியேட்டர் படங்களுக்குத் தணிக்கை வாரியம் தரும் யு/ஏ சான்று, 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பின் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஓ.டி.டி. தளங்களிலும் 2021 விதிகளின்படி வயதுக் குறியீடு உண்டு. ஆனால் அதைப் போடுவது அந்தந்த நிறுவனமே. 13 வயதுக்கு மேற்பட்ட ரகங்களுக்குப் பூட்டு வசதி தர வேண்டுமென்பதும் அந்த விதிகளில் உள்ளது. அந்தப் பூட்டைப் போட்ட வீடுகள் நம் மஹல்லாவில் எத்தனை? அரசாங்கத்தின் ‘யு’ நம் மார்க்கத்தின் ‘யு’ அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். குத்தாட்டப் பாட்டுள்ள படத்துக்கும் அது கிடைத்திருக்கிறது.

நல்லதே இல்லையா என்றால், உண்டு. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த ‘தி மெஸேஜ்’ படத்தில் நபியவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. ஈரானின் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை, போன மாதம் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின் வீட்டார் அனைவரும் ஒன்றாகப் பார்த்தோம். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட ஓர் ஏழைச் சிறுவனின் கதை. அதில் தகப்பனார் பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தேநீரில் சர்க்கரை இல்லை. இத்தனை இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளியுடையது, அமானத், அவர் தொடமாட்டார். எட்டு வயதுப் பேரன் அந்த இடத்தில் நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பள்ளி நிர்வாகக் கணக்கு நம்மிடம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

தாயாரின் எட்டரை மணித் தொடர் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதை மறுநாள் லுஹருக்குப் பின் கைப்பேசியில் போட்டுக் கொடுக்கிறோம். இஷா நேரத்தில் கூடம் அமைதியாக இருக்கிறது. அந்த மாமியாரை அவர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை.