ஊன்றிய காலுக்காக ஒரு வேண்டுதல்

கடவுளுக்குக் கால் வலிக்குமா? மதுரைக்காரர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. மீனாட்சியம்மன் கோயிலில் சுந்தரேசுவரர் சன்னதிக்கு வரும் எவரும் வெள்ளியம்பலத்து நடராசர் முன் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தில்லையில் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். காரணம், ஒரு பாண்டியனுக்கு வந்த உடம்புவலி.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 படலங்களில் 24ஆவது இந்தக் கதை. இராசசேகர பாண்டியன் 64 கலைகளில் 63ஐக் கற்றவன். பரதத்தை மட்டும், அது கூத்தபிரானுக்கே உரியது என்று விட்டுவைத்திருந்தான். சோழ நாட்டிலிருந்து வந்த புலவன் ஒருவன், ‘எங்கள் அரசர் கரிகாலருக்கு 64ம் தெரியும்’ என்று குத்திக்காட்டினான். ரோசம் வந்து பாண்டியன் ஆடக் கற்றான். உடம்பெல்லாம் நோவு. நமக்கே இப்படி என்றால், ஓயாமல் ஒற்றைக்காலில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்? சன்னதிக்கு ஓடினான், காலை மாற்றி ஆடு, இல்லையேல் வாளில் விழுந்து உயிரை விடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது கால் மாறியிருந்தது.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இங்கே லேசாகச் சிரிப்பார்கள். நடராசரின் உருவம் ஐந்தொழிலின் குறியீடு. உடுக்கை படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, எடுத்த பாதம் அருள் என்று மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. நோவு உடம்பெடுத்த உயிருக்குத்தான், பதியாகிய இறைவனுக்கு ஏது? அப்படியானால் பாண்டியனின் இரக்கம் அறியாமைதானே என்று கேட்கலாம். நான் தமிழாசிரியையாக இருந்த காலத்தில் வகுப்பிலும் ஒரு பையன் இதைத்தான் கேட்டான்.

அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அது நூலகத்திலிருந்து வரவில்லை. என் மருமகள் வாங்கிவந்த அரைப்பந்திலிருந்து வந்தது.

போசு பால் என்று அதற்குப் பெயர். 1999இல் டேவிட் வெக் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. ஒரு பக்கம் தட்டைப் பலகை, மறுபக்கம் காற்றடைத்த ரப்பர் குமிழ்; சுமார் இரண்டடி அகலம். வெளியே நடக்கலாம் என்றால் எங்கள் தெருவில் காலையிலேயே வெயில், அதற்கு முன்னால் எழுந்தால் நாய்கள். அதனால் கார்டியோ பயிற்சி வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. பந்தைச் சுவரோரம் போட்டு, கைப்பிடிக்கு ஒரு நாற்காலியை நிறுத்தி, வெறுங்காலோடு ஏறுவேன், இறங்குவேன். பிறகு மேலேயே நின்றபடி நடை. கடைசியில் ஒரு முழங்காலை இடுப்புயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. மூச்சுக்கு அதுதான் அளவு. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைசுற்றலோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறக்கூடாது.

ஏறி நின்றபிறகுதான் ஒன்று புரிந்தது. வலி தூக்கிய காலில் வருவதில்லை. ஒரு காலைத் தூக்கியதும் இடுப்பு அந்தப் பக்கமாகச் சரியப் பார்க்கும்; சரியவிடாமல் இழுத்துப் பிடிப்பது ஊன்றிய பக்கத்து இடுப்புச் சதை. கீழே காற்று நகர நகர, கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். கண்ணும் உட்செவியும் மூட்டுகளும் சேதி அனுப்ப, சிறுமூளை ஒவ்வொரு நொடியும் கணக்கைச் சரிபார்க்கும். பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்கிறேன். உள்ளே நெஞ்சு படபடக்கிறது. “அத்தை, காலை மாத்துங்க” என்று மருமகள் சொல்லும்போது வருகிற நிம்மதி, எனக்கு எந்த உபதேசத்திலும் வந்ததில்லை.

நடராசர் ஊன்றியிருப்பதும் சமதரையில் அல்ல, காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் மேல். ஆனால் தில்லைக்குப் போகிறவர்கள் கும்பிடுவது தூக்கிய திருவடியை. குஞ்சிதபாதம் என்று பெயர் வைத்துக் கொண்டாடுவதும் அதைத்தான். பாரம் சுமக்கிற கால் யார் கண்ணிலும் படுவதில்லை. பாண்டியன் கண்ணில் பட்டது. ஆடிப் பார்த்தவன் என்பதால் எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

இதில் சித்தாந்தத்துக்கும் முரண் இல்லை என்பேன். மறைத்தலும் அருளின் ஒரு வேலைதான் என்று சித்தாந்தமே சொல்கிறது. உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்து நிற்பது அதன் நன்மைக்காகவே. ஆக, ஊன்றிய பாதமும் அருள்தான். பார்த்தால் அப்படித் தெரியாது, அவ்வளவே. பண்டிதர் இலக்கணமாகப் படித்ததைப் பாண்டியன் கெண்டைக்காலில் படித்தான்.

நம் உடம்பைக் கொண்டு கடவுளை அளக்கலாமா என்ற ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. நம் ஆசையைக் கடவுள் மேல் ஏற்றி வைத்தால் அது ஆபத்துதான். தனக்குப் பிடிக்காதவனைக் கடவுளுக்கும் பிடிக்காது என்று சொல்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பாண்டியன் ஏற்றி வைத்தது ஆசையை அல்ல, வலியை. கால் வலித்தால் என் காலைக் குணப்படுத்து என்று வேண்டுவது ஊர் வழக்கம். இவன் உன் காலை மாற்று என்று வேண்டினான். சோழனை ஜெயிக்கக் கற்ற கலை, அந்த வலியைத் தாண்டியதும் இன்னொருவர் மீது இரக்கமாக மாறிவிட்டது. கடவுளுக்குக் கால் வலித்திருக்காது. அந்த இரக்கம் வீண்போகக்கூடாது என்பதற்காகவே கால் மாறியது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே உடற்பயிற்சியை வெறும் உடம்பைப் பேணுகிற காரியமாக நான் நினைப்பதில்லை. அது வலிக்கிற இடத்தைக் காட்டுகிறது. தன் வலியோடு நின்றுவிட்டால் அது வெறும் பயிற்சி. அடுத்தவர் காலைப் பார்க்க வைத்தால் வழிபாடு. அப்படிப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். நம் ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே புடவை விரித்துப் போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, உங்களுக்குத் துணி காட்டும் பெண்ணுக்கு உட்கார ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். பாண்டியனைப் போல வாளெல்லாம் வேண்டாம். சட்டமே துணைக்கு இருக்கிறது.