கண்ட நகரும் காணாத நகரும்

ஒன்றின்மீது அன்பு கொள்வதற்கு அதனை நேரில் கண்டிருத்தல் வேண்டுமா? கண்டவற்றுக்கு மட்டும் இரங்குவது அறமாகுமா? இவ்வினாக்கள் மாணவர் கட்டுரைக்குரிய எளிய தலைப்புகள்போலத் தோன்றலாம். ஆயினும், ஒரு நகரத்தின் வாழ்வும் மற்றொரு நகரத்தின் அழிவும் இவ்வினாக்களோடு பிணைந்து நின்ற காலம் ஒன்று உண்டு. அந்நகரங்கள் ஜப்பான் நாட்டின் கியோட்டோவும் நாகசாகியும் ஆகும்.

கியோட்டோ 794ஆம் ஆண்டில் தலைநகராக நிறுவப்பெற்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியப் பேரரசர்களின் இருப்பிடமாக விளங்கியது. 1467 முதல் 1477 வரை நிகழ்ந்த ஓனின் போரில் அதன் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. கியோமிசு கோயிலின் இன்றைய பெருமண்டபம் 1633இல் எழுந்தது. கின்காக்குஜி எனப்படும் பொன்மாடம் 1950இல் தீக்கிரையாகி, 1955இல் மீண்டும் கட்டப்பெற்றது. எரிந்ததை மீண்டும் எழுப்பும் மக்கள் உள்ளவரை ஒரு நகரத்தின் பழைமைக்கு அழிவில்லை என்பதற்கு அந்நகரமே சான்று.

2019ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது, ஆசிரிய நண்பர் மூவருடன் அந்நகரைக் காணச் சென்றேன். ஆங்கு அஃது இலையுதிர்ப் பருவம். மேப்பிள் மரங்களெல்லாம் செந்நிறம் பூண்டு நிற்கும் காலம். விமானத்தில் ஏற்பட்ட பழுதால் ஓர் இரவு முழுவதும் புறப்பாட்டுக் கூடத்திலேயே கழிந்தது. நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் போயிற்றே என்று நண்பர்கள் வருந்தினர். வருத்தம் எனக்கும் இருந்தது. ஆயின், கியோட்டோவில் நான் கண்ட ஓர் இடம், தாமதம் என்னும் சொல்லையே வேறு பொருளில் எண்ணிப் பார்க்கச் செய்தது.

கியோட்டோ தொடர்வண்டி நிலையத்துக்கு மேற்கே சிறு தொலைவில் உமேக்கோஜி என்னும் பகுதி உள்ளது. நீராவி எஞ்சின்களை நிறுத்துவதற்கென 1914இல் கட்டப்பெற்ற விசிறி வடிவக் கொட்டகை ஒன்று அங்கே இருக்கிறது. 2016 முதல் அது தொடர்வண்டி அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. சிறுவர்கள் நீராவி வண்டியில் ஏறி ஆரவாரம் செய்கின்றனர். அந்தக் கொட்டகைதான் 1945இல் கியோட்டோவின்மீது அணுகுண்டு வீசுவதற்குக் குறிக்கப்பெற்ற புள்ளி என்பது அச்சிறுவர்களுக்குத் தெரியாது.

அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க இலக்குத் தேர்வுக் குழு, முதன்மையான இலக்குகளுள் ஒன்றாகக் கியோட்டோவைக் குறித்தது. அணுகுண்டுத் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த தளபதி லெஸ்லி குரோவ்ஸ் அதனை விடாது வலியுறுத்தினார். போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சனோ உறுதியாக மறுத்தார். அவர் 1926ஆம் ஆண்டு அக்டோபரில், இலையுதிர்ப் பருவம் தொடங்கும் வேளையில், அந்நகரைக் கண்டு மகிழ்ந்தவர். அந்நகரை அழித்தால் ஜப்பானியரின் கசப்பு என்றும் மாறாது, அவர்கள் ரஷ்யாவின் பக்கம் சாய்ந்துவிடுவர் என்னும் அரசியல் கணக்கும் அவர் உள்ளத்தில் இருந்தது. அன்பு எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்து நிறுப்பதற்குத் தராசு ஏது? எவ்வாறாயினும் கியோட்டோ பட்டியலினின்றும் நீங்கியது. ஜூலை இறுதியில் நாகசாகி பட்டியலில் சேர்ந்தது.

ஆகஸ்டு 9ஆம் நாள் இரண்டாம் குண்டைச் சுமந்து சென்ற விமானத்தின் முதல் இலக்கு நாகசாகி அன்று. கொக்குரா என்னும் படைக்கலத் தொழில்நகரம். உடன்வர வேண்டிய மற்றொரு விமானத்துக்காக அது ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வானிலே வட்டமிட்டுக் காத்திருந்தது. கொக்குராவை அடைந்தபோது புகையும் மேகமும் நகரை மூடியிருந்தன. மும்முறை முயன்றும் இலக்குத் தென்படாமற் போகவே, விமானம் நாகசாகியை நோக்கித் திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

ஒரு தாமதத்தால் நாம் இழந்தது ஒரு நாள் இன்பம். மற்றொரு தாமதமும் மேகமும் சேர்ந்து ஒரு நகரத்துக்கு உயிர்ப்பிச்சை அளித்து, வேறொரு நகரத்தின் உயிரைப் பறித்தன. கொக்குராவின் மக்கள் செய்த நல்வினை யாது? நாகசாகியின் குழந்தைகள் செய்த தீவினை யாது? ஊழ் என்று கூறி இவ்வினாவை முடித்துவிடுதல் எளிது. ஆனால் மேகத்தை அனுப்பியது ஊழாக இருப்பினும், குண்டை அனுப்பியவர் மனிதர் அல்லரோ?

கியோட்டோவைக் காத்தது குற்றமா எனின், அன்று. ஓர் உயிரைக் காத்தவரை, ஏன் மற்றதைக் காக்கவில்லை என்று மட்டுமே கேட்டு இகழ்தல் நன்றியற்ற செயல். எனினும், நாகசாகியும் வரலாற்றுப் பெருமை வாய்ந்த நகரமே. ஜப்பான் தன் கதவுகளை அடைத்திருந்த காலத்தில், 1641 முதல் டச்சு வணிகர் தங்கியிருந்த தெஜிமா தீவு அங்குதான் இருந்தது. ஒருவேளை எவ்விதப் பழம்பெருமையும் இல்லாத ஊராக இருந்திருப்பினும், அங்கு வாழ்ந்தோரின் உயிர் விலையில் குறைந்ததாகுமோ? கோயிலும் சோலையும் உடைய நகரத்தாருக்கு ஒரு நீதி, ஆலையும் துறைமுகமும் உடைய நகரத்தாருக்கு ஒரு நீதி என்பதை மனச்சான்று ஏற்குமா?

மலேசியத் தமிழராகிய நாம் இதனைப் பேசும்போது மற்றொரு குரலையும் கேட்டாக வேண்டும். ஜப்பானிய ஆட்சியின்போது தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் மாண்டவர்கள் நம் முன்னோர். அந்தக் குண்டால்தான் விடிவு பிறந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நம்மிடையே பலர். அத்துயரத்தைச் சிறிதென்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் நம் துயரத்தின் பெருமை, துயரம் விளைத்தவரைப் பொறுப்பாக்கும் உரிமையைத் தருமேயன்றி, நாகசாகியின் பள்ளிக் குழந்தையைப் பொறுப்பாக்கும் உரிமையைத் தராது.

சிலப்பதிகாரத்தை ஈண்டு நினைத்தல் தகும். அநீதியால் கணவனை இழந்த கண்ணகி மதுரையை எரியூட்டியபோதும், அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு தீக்கடவுளைப் பணிக்கின்றாள். சினத்தின் உச்சியிலும் குற்றமுடையார் யார், இல்லார் யார் என்னும் வேறுபாட்டை அவள் மறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டு கண்ட தீக்கு அந்த வேறுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அதனை ஏவியோர்.

கண்டவற்றை நேசித்தல் மனித இயல்பு, அதில் இழுக்கில்லை. தன் தாயின் முகத்தைக் கண்டுதான் குழந்தை அன்பைக் கற்கின்றது. ஆனால் அன்பு அங்கேயே நின்றுவிடின், நாம் ஒருமுறை விருந்தினராய்ச் சென்ற ஊர் பிழைக்கும். செல்லாத ஊர் அழியும். கண் எட்டாத இடத்துக்கு அன்பைக் கொண்டு செல்வதே அறத்தின் பணி.

எல்லா நகரங்களையும் காணும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. நம் மாணவர்களுட் பலர் அடுத்த மாநிலத்தையும் கண்டிலர். அவர்களுக்குக் காணாத ஊர்களைக் காட்டுபவர் யார்? வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியரே அன்றோ? இறந்தோர் தொகையை எழுதி, அதன் கீழ்க் கோடிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வதோடு அவர் கடமை முடிந்துவிடாது. அத்தொகைக்குள் தம் வயதொத்த ஒரு சிறுவன் புத்தகப் பையோடு நின்றான் என்பதை மாணவர் ஒரு கணமேனும் உணரச் செய்தல் வேண்டும். நாளை நாட்டின் பொறுப்புகளை ஏற்று, வரைபடத்தின்மீது விரல் வைத்து முடிவெடுக்கும் இடத்தில் அம்மாணவருள் ஒருவர் அமரக்கூடும். அவ்விரல் தாம் காணாத ஊரின்மேலும் தயங்கி நிற்குமாயின், நம் கற்பித்தல் பயன் தந்தது எனலாம்.