எதை வச்சு சொல்ற?

பக்கத்து பிளாக்கில் குடியிருக்கும் கோயம்புத்தூர்ப் பையன் என் ஸ்விஃப்ட்டின் பானெட்டைத் திறந்தான். உள்ளே ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினான். "இது மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடற மாதிரிங்ணா. இதைக் கழட்டி வீசிட்டு ஒரு கோன் ஃபில்டர் போடுங்க. வண்டி நல்லா மூச்சு விடும். பிக்கப் எகிறும்."

அதுவரை என் வண்டிக்கு மூச்சுத் திணறல் இருப்பதாக எனக்குத் தெரியாது. 2018 மாடல், 1197 சிசி, நாலு சிலிண்டர். வாகட் கஸ்பட்டே வஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஹிஞ்சவடி ஆபீசுக்குப் போய் வருவதுதான் அதன் வாழ்க்கை. வழியில் பூம்கர் சௌக்கில் ஆமை எங்களை முந்திக்கொண்டு போகும். அந்தச் சாலையில் பிக்கப் எகிறி எங்கே போவது என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் வந்து "உங்க வண்டி இன்னும் ஓடும்" என்று சொன்னால், அதை வண்டியைப் பற்றிய பேச்சாக மட்டும் காது எடுத்துக்கொள்வதில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். எஞ்சின் 6000 சுற்றில் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 3000 தடவை காற்றை உள்ளே இழுக்கும். நாலுக்கும் சேர்த்து 12,000 மூச்சு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் ஏறத்தாழ 3600 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் போதும். நிமிடத்துக்குப் பதினைந்து வீதம் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் யோக நூல்களின் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் அத்தனை பொன்னோடு வேய்ந்திருப்பதாகச் சொல்வார்கள். அந்த ஒரு நாள் மூச்சை என் எஞ்சின் எவ்வளவு நேரத்தில் விட்டு முடிக்கும் என்று வகுத்துப் பார்த்தேன். 108 வினாடி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஆனால் ஒரு பொருளை வாங்க மனம் முடிவு செய்துவிட்டால் தற்செயலைக்கூட சகுனமாக்கிக்கொள்ளும். மறுநாளே விலை விசாரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் இதைச் சொன்னது என் தப்பு. குத்தாலத்தில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து படித்தார். அதிலிருந்து வீட்டில் யாரும் எதையும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது.

"நீ வாங்குறதுல எனக்கு ஒண்ணுமில்லப்பா. வேகம் கூடும்ங்கிறியே, அதை எதை வச்சு சொல்ற?"

"போட்டவங்க எல்லாரும் சொல்றாங்கப்பா."

"அது உரை. காண்டல் என்ன? கருதல் என்ன?"

அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார், கடவுளைப் பேசத் தொடங்கும் முன் அளவையைப் பேசுகிறது. ஒன்றை அறிந்தேன் என்று எப்போது சொல்லலாம்? மற்றவர்கள் பத்து வழி வரை அடுக்கினாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்கிறது நூல். கண்டது, கண்டதைக் கொண்டு ஊகித்தது, நம்பத் தகுந்தவர் சொன்னது. கண்டதிலும் ஐயம் இருக்கும், திரிவு இருக்கும். அந்தி நேரத்தில் தூரத்தில் நிற்பது மரமா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்று உறுதியாக எண்ணிவிடுவது திரிவு. பரம்பொருளுக்காக வைத்த தராசில் ஏர் ஃபில்டரை வைப்பது அதிகம்தான். ஆனால் தராசுக்குப் பொருளில் பேதம் இல்லை என்பது அப்பா கட்சி. நானும் மென்பொருளில் பிழை தேடிப் பிழைப்பவன். 'என் மெஷினில் ஓடுகிறது' என்ற பதிலை ஒரு நாளும் ஏற்றதில்லை. என் வண்டி விஷயத்தில் மட்டும் அந்தப் பதிலை ஏற்கத் தயாராக இருந்தேன்.

பையனோ சுத்தமான பூதவாதி. "பேசிட்டே இருக்காதீங்ணா, ஓட்டிப் பாருங்க" என்பதுதான் அவன் தத்துவம். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளில் ஒருவரான பூதவாதி இப்படித்தான்: கண்கூடாகக் காண்பது தவிர வேறு எதையும் ஏற்கமாட்டார். அப்படியானால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவரை மடக்குவாள். நான் மணிமேகலை இல்லை. ஓட்டிப் பார்த்தேன்.

அவனுடைய கோனையே ஒரு ஞாயிறு காலையில் என் வண்டியில் மாட்டினான். சாவியைத் திருப்பி, ராவேத் பக்கம் ஆளில்லாத நேரத்தில் ஒரு மிதி மிதித்தேன். அந்தச் சத்தம்! தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு பெரிய பிராணி எழுந்திருப்பதைப் போல. முதுகு இருக்கையில் அழுந்தியது என்று சத்தியம் செய்திருப்பேன். "எப்படிங்ணா?" என்றான். "வேற வண்டி" என்றேன். மனசார.

பிறகு தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. மூன்றாவது கியர், நாற்பதிலிருந்து எண்பது, அதே சாலை, அதே திசை. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து போனில் நேரம் எடுக்கச் சொன்னேன். கோனோடு நாலு தடவை, பழைய பெட்டியை மாட்டி நாலு தடவை. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம், பொத்தானை அழுத்துவதில் அவன் கட்டைவிரலுக்கு இருந்த தடுமாற்றத்தை விடக் குறைவு. அவனாலேயே நம்ப முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். காதில் பஞ்சு, கண்ணை மூடிக்கொள், எது வேகம் என்று மட்டும் சொல். இரண்டு சுற்று முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதான். வர்ற வழியில பால் வாங்கணும்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

முதுகு அழுந்தியது என்று நான் சத்தியம் செய்யவிருந்தது திரிவுக் காட்சி. காது கேட்டதை முதுகு உணர்ந்ததாக எழுதிக்கொண்டுவிட்டது. அந்தக் கறுப்புப் பெட்டியின் வேலையில் பாதி, சத்தத்தை விழுங்குவது. காற்றுக் குழாயின் பக்கவாட்டில் உள்ளீடற்ற ஒரு அறை வைத்திருப்பார்கள். எந்த அலைவரிசை உறுமுமோ அதை அடக்க அளவெடுத்துச் செய்த அறை. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த தத்துவம்தான் அதற்கு அடிப்படை. கோன் போடும்போது 'வேண்டாத பிளாஸ்டிக்' என்று முதலில் போவது அதுதான். அதாவது புதிதாக எந்தச் சக்தியும் வருவதில்லை. இருந்த உறுமலின் வாயைக் கட்டியிருந்தார்கள், நாம் அவிழ்த்துவிடுகிறோம்.

கருதலுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்று சூடேறினால் லேசாகும். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே கொள்ளளவில் சுமார் ஒன்பது சதவீதம் குறைவான காற்றுதான் இருக்கும். கம்பெனிப் பெட்டியின் குழாய் வண்டியின் முகப்பிலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கோனோ எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வெக்கையையே உறிஞ்சுகிறது. பூம்கர் சௌக்கில் இருபது நிமிடம் நின்றால் நான் காசு கொடுத்து வாங்கியது வெந்நீர் ஆவி மாதிரிதான். சரி, குழாயை நீட்டிக் கீழே பம்பருக்குள் கொண்டுபோனால் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஜூலை மாத மழையில் இந்தப் பக்கத்துச் சுரங்கப் பாதைகளில் தேங்கும் தண்ணீரும் கிடைக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அமுக்கப் போன பிஸ்டனின் தண்டுதான் வளையும்.

இதற்கெல்லாம் மேலே புழுதி. வாகட்டில் வசிப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு கோபுரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் துடைத்த துளசி இலையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். மணலில் உள்ள குவார்ட்ஸ் இரும்பைக் கீறும். அதிகக் காற்றை விடும் வலைக்கண் அதிகப் புழுதியையும் விடத்தான் செய்யும். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர்கள் இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன. கலிபோர்னியாவில் 1969-இல் தொடங்கிய கே அண்ட் என் அவற்றை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பந்தயத்தில் அவற்றுக்கு நியாயம் உண்டு. பந்தய எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கட்டுவார்கள், இருபது வருடம் ஓட வேண்டிய கவலை அதற்கு இல்லை. என் எஞ்சினுக்கு அந்தக் கவலை உண்டு, எனக்கு வீட்டுக் கடனும் உண்டு.

மிச்சம் இருந்தது உரை. பௌத்தர்கள் உரையை அளவையாக ஏற்பதில்லை. மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லிக்கொடுப்பது காட்சி, கருத்து என்ற இரண்டு மட்டுமே. கடை கடையாக ஏறி இறங்கிய அந்த மாதத்தில் நான் கிட்டத்தட்ட பௌத்தனாகிவிட்டேன். ஒருவர் பத்துக் குதிரை கூடும் என்றார், ஒருவர் மைலேஜும் கூடும் என்றார். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் சோதித்திருக்கிறது: இன்றைய பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினாலும் மைலேஜ் கூடுவதில்லை, அடைப்பு நீங்குவதால் இழுவை மட்டும் திரும்பி வருகிறது. அடைத்துப்போனதற்கே இந்தக் கதி. என் ஃபில்டர் அடைக்கவும் இல்லை. ஆனால் இந்த ஆய்வும் எனக்கு உரைதானே? நான் போய்ச் சோதித்தேனா? உரையை அடியோடு தள்ளினால் அப்பாவின் பிறந்த நாள்கூட எனக்குத் தெரியாமல் போகும். ஆகவே கேள்வி உரை வேண்டுமா என்பதல்ல, யாருடைய உரை என்பது. விருப்பு வெறுப்பு அற்றவன் சொல் என்று நம் நூல்கள் சொன்னபோது அதைப் பெரிய ஆன்மிகச் செய்தியாக நினைத்திருந்தேன். சொல்வதால் அவனுக்கு லாபம் இருக்கிறதா என்று பார், அவ்வளவுதான்.

தத்த மந்திர் ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் காகா இருக்கிறார். சர்வீசுக்கு விட்டபோது, கோன் வாங்கி வந்தால் மாட்டித் தருவீர்களா என்று கேட்டேன். மாட்டினால் அவருக்குக் கூலி. கையைத் துடைத்துக்கொண்டே, "காய் கரஜ் ஆஹே?" என்றார். என்ன அவசியம்? என்னைப் பக்கத்தில் நின்ற வேறொரு வண்டிக்குக் கூட்டிப்போனார். யாரோ போட்டிருந்த, பெயர் எழுதாத கோன். அதைக் கழற்றி, அதற்கு அடுத்த குழாய்க்குள், அதாவது வடிகட்டிய காற்று போகும் பக்கத்தில், விரலை விட்டு எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் நைஸ் பொடி. இரண்டு விரலால் தேய்த்தேன், நறநறவென்றது. பிறகு என் வண்டியின் பெட்டியைத் திறந்து அதே இடத்தில் விரலை விட்டார். விரல் சுத்தமாக வந்தது. காண்டலும் கருதலும் உரையும் ஒரே கறுத்த விரலில்.

இன்னொன்றும் சொன்னார். என் ஃபில்டரை எடுத்து, புழுதி படிந்த மடிப்புகளை வெளிச்சத்தில் காட்டி, இதை அடிக்கடி காற்றடித்துச் சுத்தம் செய்யாதே என்றார். படிந்த புழுதியே அடுத்த புழுதியைப் பிடிக்கும், அடைக்கிற வரை பழையது புதியதை விட நன்றாக வடிகட்டும் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். ஃபில்டர் செய்பவர்கள் ஏற்கும் விஷயம் அது. அப்பாவிடம் சொன்னதும் குரலில் பத்து வயது குறைந்தது. "சித்தியார்ல வருதுப்பா!" மலமாகிய மாயையைக் கொண்டு ஆணவ மலத்தை எப்படிக் கழுவ முடியும் என்ற கேள்விக்கு, வண்ணான் சாணியும் உவர்மண்ணும் சேர்த்துத் துணியின் அழுக்கை எடுக்கவில்லையா என்று நூல் பதில் சொல்வதை முக்கால் மணி நேரம் விளக்கினார். அன்று முழுக்க அவருக்கு முட்டி வலி இல்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு ஃபில்டர் அதில் வருமா என்று வக்கீல்கள் பேசட்டும். என்னைத் தடுத்தது அது இல்லை.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது வேகம் அல்ல, சத்தம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் இத்தனை அளவையும் தேவைப்பட்டிருக்காது. சத்தம் பிடிக்கிறது, வாங்குகிறேன் என்று சொல்பவனை எந்தத் தர்க்கமும் மறுக்க முடியாது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழுவதுதான் மறுக்கும். ஆசையை ஆசை என்று சொல்ல வெட்கப்பட்டு, அதற்கு அறிவு வேஷம் கட்டிக் கடைத்தெருவில் ஊர்வலம் விட்டேன். கடைக்காரர்களைப் பொய்யர்கள் என்கிறேன். எனக்குக் கேட்க வேண்டியதைத்தான் அவர்கள் சொன்னார்கள். இப்போதும் இரவு பதினொரு மணிக்குப் பையன் வண்டியை எடுத்தால் பால்கனிக்குப் போய் நின்று கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

காகா சில நூறு ரூபாய்க்குக் கம்பெனிக் காகித ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்தார். பழையதே இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், மழைக்காலம் முடிந்ததும் மாற்றிக்கொள் என்று அதை டிக்கியில் போட்டுவிட்டு, பெட்டி மூடியின் மேல் அன்றைய கிலோமீட்டரை மார்க்கரால் எழுதினார். 61,240. கோன் மாட்டும் கூலியை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.